ஒரே அடுப்பு, இரண்டு நாடுகள்: ஸரீனாவின் வீட்டு வரைபடங்கள்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடும்பம் என்பதை இரத்த உறவைக்கொண்டு வரையறுப்பதில்லை. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுவான ஒரு சமையலறையிலிருந்து உணவு கொள்வோரின் குழுவே அதன் கணக்கில் ஒரு குடும்பம். ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்புகள் எரிந்தால் கணக்கெடுப்பாளர் இரண்டு குடும்பங்கள் என்று எழுதிக்கொண்டு போவார். 'தனி உலை வைத்துவிட்டார்கள்' என்று தமிழ்நாட்டு ஊர்களில் சொல்லும்போதும் இதே இலக்கணம்தான் செயல்படுகிறது. வட இந்தியாவில் அப்படிப் பிரிவதற்குப் 'பட்வாரா' என்று பெயர். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்வதும் பட்வாரா. 1947இல் துணைக்கண்டம் பிரிந்ததும் பட்வாரா. உருதுவில் வழங்கும் இன்னொரு சொல் 'தக்ஸீம்'. பள்ளிக் கணக்கில் வகுத்தலுக்கும் அதுவே பெயர். தமிழில் 'பிரிவினை' என்ற சொல்லும் பாகப்பிரிவினையை உள்ளே வைத்துக்கொண்டேதான் தேசப்பிரிவினையைக் குறிக்கிறது.

வகுத்தலைக் கணிதமாகவும் வாழ்வாகவும் அறிந்த ஒருவர், வெறும் கோடுகளைக்கொண்டு வீட்டை வரைந்தார். அவர் ஸரீனா ஹாஷ்மி. கலையுலகில் குடும்பப் பெயரை விட்டு ஸரீனா என்றே அறியப்பட விரும்பியவர். 1937 ஜூலை 16இல் அலிகரில் பிறந்தார். 2020 ஏப்ரல் 25இல் லண்டனில் மறைந்தார். ஓவியர் என்ற சொல்லை அவருக்குச் சற்றுத் தளர்வாகவே பயன்படுத்த வேண்டும். அவர் பெரும்பாலும் மரப்பலகையில் செதுக்கியும் உலோகத் தகட்டில் கீறியும் தாளில் அச்செடுத்தவர். காகிதக் கூழை வார்த்துச் சிற்பம்போல் ஆக்கியவர். சதுரங்கள், செவ்வகங்கள், சில நேர்கோடுகள், நிறைய வெற்றிடம், பெரும்பாலும் கறுப்பு நிறம் மட்டும் என்பதாக அமைந்த இப்படைப்புகளை அரூபக் கலை என்று வகைப்படுத்துவது எளிது. இந்த அரூபம் எதிலிருந்து பிறந்தது என்ற கேள்வியே இங்கு முக்கியமானது. அதற்கான விடை அழகியல் வரலாற்றைவிடச் சமூக வரலாற்றில்தான் மிகுதியாகக் கிடைக்கிறது.

ஸரீனாவின் தந்தை ஷேக் அப்துர் ரஷீத், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் இடைக்கால இந்திய வரலாற்றைக் கற்பித்தவர். சர் சையத் அகமது கான் 1875இல் தொடங்கிய கல்வி நிலையம், 1920இல் பல்கலைக்கழகமான ஊர் அலிகர். பேராசிரியரின் மகள்கள் புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்தார்கள். தந்தையோடு தில்லி, ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி என்று முகலாயக் கட்டடங்களைப் பார்த்து வந்தார்கள். ஃபதேபூர் சிக்ரியைக் கண்டவர்களுக்குத் தெரியும், அந்த நகரின் அழகு அலங்காரத்தில் இருப்பதைவிட வெட்டவெளிகளின் அளவில்தான் அதிகம் இருக்கிறது: முற்றத்துக்கு முற்றம், படிக்குப் படி, வெறுமையை அளந்து வைத்த கட்டடக்கலை. பின்னாளில் ஸரீனாவின் தாள்களில் வெற்றிடத்துக்குக் கிடைத்த மரியாதைக்கு ஜப்பானிய அச்சுக்கலையை மட்டும் காரணமாகக் காட்டுவது பாதி உண்மையே ஆகும்.

அலிகர் வீடும் முற்றத்தைச் சூழ்ந்த வீடு. கங்கைச் சமவெளியில் 'ஆங்கன்' எனப்படும் திறந்த முற்றமே வீட்டின் நடு. கோடையில் நண்பகலுக்குப் பின் அனல்காற்று வீசும்போது வீடே கதவடைத்து உறங்கும். இரவில் கட்டில்கள் முற்றத்துக்கு வந்துவிடும். ஸரீனாவும் அவருடைய அக்கா ராணியும் அங்கே விண்மீன்களைப் பார்த்தபடி படுத்துக்கொண்டு, பின்னால் தாங்கள் போகப்போகும் பயணங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை ஸரீனா பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். முற்றம், அனல்காற்று, பிற்பகல், விண்மீன் ஆகியவை அரை நூற்றாண்டுக்குப் பின் அவருடைய படைப்பில் தலைப்புகளாகவே திரும்பி வந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. முற்றம் வைத்த வீட்டைக் கூட்டு வாழ்வின் பொற்காலமாக்கிவிடும் வாசிப்பு இன்று அருங்காட்சியகக் குறிப்புகளில் மலிந்திருக்கிறது. வட இந்திய உயர்குல முஸ்லிம் வீடுகளில் முற்றம் என்பது பெண்களின் உலகம். அதன் குளிர்ச்சிக்கு வெளிவாசல் அவர்களுக்கு எளிதில் திறக்காது என்பதே விலை. சேர்ந்து உண்ணும் அடுப்பின் புகையும் வீட்டார் எல்லோர் கண்ணிலும் ஒரே அளவில் விழவில்லை. ஸரீனாவின் தேர்வு இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. அவர் வீட்டின் முகப்பையோ, விருந்துக் கூடத்தையோ, உறவினர் கூடியிருக்கும் காட்சியையோ வரையவில்லை. மேலிருந்து பார்த்த தரைப்படத்தை வரைந்தார். தரைப்படத்தில் சுவர்களும் வாசல்களும் மட்டுமே இருக்கும். எது எதனோடு திறக்கிறது, எது எதிலிருந்து மூடப்பட்டிருக்கிறது என்பதை அது மறைக்காமல் காட்டும். ஏக்கத்துக்கு அதில் இடமுண்டு, இனிப்பூட்டுவதற்கு இல்லை.

பிரிவினையின்போது ஸரீனாவுக்குப் பத்து வயது. கலவரத்தின் கோரத்தை அந்த வயதிலேயே அவர் அறிந்திருந்தார். ஆனால் அந்தக் குடும்பத்தின் அடுப்பு 1947இல் பிரியவில்லை. பெற்றோர் கராச்சிக்குக் குடிபெயர்ந்தது 1959இல்தான். இந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியே வரலாற்று மாணவர்களுக்குப் பாடம். வஸீரா ஸமீந்தார் 2007இல் வெளியிட்ட நூலில் 'நீண்ட பிரிவினை' என்று பெயரிட்டது இதைத்தான். பிரிவினை ஆகஸ்ட் மாதத்து ஒரு வாரத்தில் நடந்து முடிந்த நிகழ்ச்சியன்று. 1948இல் வந்த அனுமதிச்சீட்டு முறை, இடம்பெயர்ந்தோர் சொத்துச் சட்டங்கள், 1952இல் இரு நாடுகளுக்கிடையே நடைமுறைக்கு வந்த கடவுச்சீட்டு என்று ஆண்டுக்கணக்கில் அலுவலக மேசைகளில் தொடர்ந்து நடந்த வேலை அது என்பது அவருடைய வாதம். சாகிர் உசேன் 1948 முதல் 1956 வரை துணைவேந்தராக இருந்து அலிகர் பல்கலைக்கழகத்தைச் சுதந்திர இந்தியாவில் நிலைநிறுத்த முயன்ற காலமும் இதுவே. தங்குவதா, போவதா என்ற கேள்வி அந்த ஊரின் ஒவ்வொரு முற்றத்திலும் தினமும் எழுந்த காலம்.

ஸரீனா அப்போது வீட்டில் இல்லை. 1958இல் கணிதத்தில் இளநிலைப் பட்டம் பெற்று, இந்திய வெளியுறவுப் பணியிலிருந்த சாத் ஹாஷ்மியை மணந்து, பாங்காக் சென்றிருந்தார். அவர் பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீடு போனார் என்பது எல்லாப் பெண்களுக்கும் நேர்வது. அடுத்த ஆண்டே பிறந்த வீடும் நாட்டை விட்டுப் போயிற்று என்பது எல்லோருக்கும் நேர்வதன்று. 'வீடு' என்னும் தமிழ்ச் சொல் 'விடு' என்னும் வினையிலிருந்து வந்ததாக இலக்கணிகள் சொல்வர். விடுதலையைக் குறிக்கும் 'வீடுபேறு' என்பதிலும் அந்த வேர்தான் இருக்கிறது. ஸரீனாவின் மொழியில் 'கர்' என்ற சொல்லுக்கு இந்த இரட்டைப் பொருள் கிடையாது. அவருடைய வாழ்க்கையே அதற்கு அந்தப் பொருளைக் கொண்டுவந்து சேர்த்தது.

பாங்காக்கில் மரச்செதுக்கு அச்சின் முதல் பாடம். பின்னர் பாரிஸில், இருபதாம் நூற்றாண்டு அச்சுக்கலையின் பெரும்பள்ளியான அத்தலியே 17இல், ஸ்டான்லி வில்லியம் ஹேய்ட்டரிடம் உலோகத் தகட்டு வேலை. 1968 முதல் சில ஆண்டுகள் தில்லி. 1974இல் டோக்கியோவில் தோஷி யோஷிதாவிடம் ஜப்பானிய மரச்செதுக்கு. 1970களின் நடுவில் நியூயார்க். 1977இல் கணவர் மறைந்த பிறகும் அங்கேயே தனியாக இருந்தார். தில்லியில் இருந்தபோது மிதவை விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். மேலிருந்து பார்த்தால் கட்டடங்கள் எப்படித் தரைப்படமாகச் சுருங்கும் என்பதை வானூர்திச் சன்னலில் அல்ல, தன் கைப்பிடியிலேயே அறிந்தவர்.

இந்தப் பயணத்தைச் சொன்னதும் கலை விமர்சனம் உடனே ஒரு சொல்லை நீட்டும்: 'மினிமலிசம்'. 1970களின் நியூயார்க், சதுரங்கள், வெற்றிடம் ஆகியவை சேர்ந்ததும் விடை தயார். இந்த வாசிப்பு முழுதும் பொய்யன்று, ஆனால் போதாதது. நியூயார்க் மினிமலிஸ்டுகளுக்குச் சதுரம் எதையும் குறிக்காமலிருப்பதே பெருமை. ஸரீனாவின் சதுரத்துக்கோ முகவரி உண்டு. நஸ்ரீன் முகமதியோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அவரும் 1937இல் பிறந்தவரே, ஸரீனாவின் பெற்றோர் பின்னாளில் குடிபெயர்ந்த அதே கராச்சியில். பிற்காலத்தில் பரோடாவில் ஆசிரியரானார். கறுப்பு மைக் கோடுகளின் பேரரசி என்று அவரைச் சொல்லலாம். நஸ்ரீன் தம் கோட்டோவியங்களுக்குப் பெரும்பாலும் தலைப்பு வைக்கவில்லை, ஆண்டும் குறிக்கவில்லை. பெயரை உதிர்ப்பதே அவருடைய பாதை. ஸரீனாவுக்குப் பெயர்தான் தொடக்கம். இருவரையும் 'இந்தியப் பெண் அரூபக் கலைஞர்கள்' என்ற ஒரே அறையில் தொங்கவிடும் கண்காட்சிகள் இந்த எதிர்த்திசையைப் பேசாமல் கடந்துவிடுகின்றன.

பெயரே தொடக்கம் என்பதற்கு 1999இல் வந்த அச்சுத்தொகுதி சான்று. 'வீடு ஓர் அந்நிய இடம்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். முப்பத்தாறு மரச்செதுக்கு அச்சுகள். நியூயார்க்கில் இருந்த குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்படும் அச்சம் சூழ்ந்த நாட்களில் உருவானது அது. அவர் முதலில் படத்தை வரையவில்லை. உருதுச் சொற்களின் பட்டியலை எழுதினார். வீடு, நிலைவாசல், கதவு, முற்றம், சுவர், நிலா, அனல்காற்று, மணம், தொலைவு, எல்லை, மொழி என்பவை போன்ற சொற்கள். அந்தப் பட்டியலைப் பாகிஸ்தானுக்கு அனுப்பி, எழுத்தணிக் கலைஞர் ஒருவரைக்கொண்டு நஸ்தலீக் வடிவில் எழுதி வாங்கினார். அதன் பிறகே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வடிவம் தேடினார். முதல் தாள் 'கர்', அதாவது வீடு. அதில் உள்ள வடிவம் அலிகர் வீட்டின் தரைப்படம்.

இந்தச் செய்முறையை ஊன்றிப் பார்க்க வேண்டும். சொல் நியூயார்க்கில் நினைவுக்கு வருகிறது, பாகிஸ்தானில் எழுதப்படுகிறது, குறிக்கும் பொருள் உத்தரப்பிரதேசத்தில் இருக்கிறது. பொதுச் சமையலறையை இழந்த குடும்பத்துக்குப் பொதுவாக எஞ்சியது மொழி ஒன்றுதான். அந்த மொழிக்கு நேர்ந்ததையும் சேர்த்துக்கொண்டால்தான் படம் முழுமையாகும். 1951இல் உத்தரப்பிரதேசம் இந்தியை ஆட்சிமொழியாக்கியது. உருதுவுக்கு அங்கே இரண்டாம் ஆட்சிமொழி என்ற நிலை கிடைத்தது 1989இல். இடைப்பட்ட நாற்பதாண்டில் உருதுவைப் பேசவும் பாடவும் தெரிந்து, எழுத்துக்கூட்ட மட்டும் தெரியாத தலைமுறைகள் வளர்ந்துவிட்டன. அலிகர் வீட்டுத் தரைப்படத்தின் அடியில் எழுதியிருக்கும் சொல்லை, அதே ஊரின் இன்றைய இளைஞர் பலரால் படிக்க இயலாது. அவர்களுக்கு அது வளைகோடு. நியூயார்க் அருங்காட்சியகப் பார்வையாளருக்கும் வளைகோடு. எழுத்து ஓவியமாக மாறிவிடுகிறது. ஸரீனாவின் அரூபத்தில் ஒரு பங்கை அவர் படைத்தார் என்றால், மறு பங்கை அரசின் மொழிக்கொள்கை படைத்தது என்று துணிந்து சொல்லலாம்.

வீட்டின் சுவர்க்கோட்டிலிருந்து நாட்டின் எல்லைக்கோட்டுக்கு அவர் வந்து சேர்ந்தது 2001இல். 'பிரிக்கும் கோடு' என்னும் மரச்செதுக்கு. சிரில் ராட்கிளிஃப் 1947 ஜூலை 8இல் இந்தியா வந்து, ஏறத்தாழ ஐந்து வாரங்களில் வரைந்து முடித்து, சுதந்திரத்துக்குப் பின் ஆகஸ்ட் 17இல் வெளியான கோடு. தாளில் நாட்டின் பெயர் இல்லை, ஊர்கள் இல்லை. வளைந்து நெளியும் ஒரு கறுப்புக் கோடு மட்டும். மரச்செதுக்கில் கோடு போடுவது மையால் கோடு இழுப்பதற்கு நேர்மாறான வேலை என்பதை அச்சுக்கலை அறியாதோர் கவனிப்பதில்லை. அச்சில் ஒரு கோடு கறுப்பாக விழ வேண்டுமானால், பலகையில் அந்தக் கோட்டை விட்டுவிட்டு அதன் இருபுறமும் உள்ள எல்லாவற்றையும் உளியால் அகற்ற வேண்டும். ராட்கிளிஃப் தாளின்மேல் ஒரு கோடு இழுத்தார். ஸரீனா அந்தக் கோட்டுக்காக இருபுறத்து நிலத்தையும் செதுக்கி எறிய வேண்டியிருந்தது. முழுதும் அகலாமல் தங்கிவிட்ட உளித்தடங்கள் தாளெங்கும் சிறு கீறல்களாகப் பதிந்திருக்கின்றன. அவற்றை அவர் துடைத்துச் சுத்தமாக்கவில்லை.

2003இல் அவர் ஒன்பது நகரங்களை இதேபோல் அச்சிட்டார். சரயேவோ, ஸ்ரெப்ரெனிட்சா, குரோஸ்னி, பெய்ரூட், ஜெனின், பாக்தாத், காபூல், நியூயார்க் ஆகியவற்றோடு அகமதாபாத்தும் அதில் இருந்தது. 2002க்கு மறு ஆண்டு அது. இந்திய விமர்சகர்கள் ஸரீனாவை 'மென்மையான நினைவுகளின் கலைஞர்' என்று புகழும்போது இந்த ஒன்பதாவது பெயரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. தனிப்பட்ட ஏக்கம் என்று தோன்றுவதை அவர் எப்போதும் அடுத்த வீட்டின் இடிபாட்டோடு சேர்த்தே வைத்தார்.

அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. 2011இல் வெனிஸ் இருபதாண்டு அல்லாத ஈராண்டுக் கலைவிழாவில் இந்தியா முதன்முறையாக அதிகாரபூர்வ அரங்கு அமைத்தபோது, ரஞ்சித் ஹோஸ்கோட்டே தேர்ந்தெடுத்தவர்களுள் ஸரீனாவும் ஒருவர். அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது. 2012இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய பெரும் மீள்பார்வைக் கண்காட்சி, மறு ஆண்டு நியூயார்க்கின் குகன்ஹைமுக்கும் சிகாகோவுக்கும் சென்றது. பெற்றோர் பாகிஸ்தானில், தாம் அமெரிக்காவில் என்று இருந்த ஒருவர், இந்தியாவின் முதல் அரங்கில் இந்தியாவைக் காட்டிநின்றார் என்பது குறித்து அப்போது பெரிதாக விவாதம் எழவில்லை. எழுந்திருக்க வேண்டும்; எதிர்ப்பாக அல்ல, 'இந்தியக் கலை' என்ற வரையறை எந்தச் சமையலறையைக் கணக்கில் கொள்கிறது என்ற கேள்வியாக.

வரலாற்றாய்வாளர் ஒருவர் அலிகர் வீட்டைப் பற்றி எழுத முனைந்தால் பத்திரம், நகராட்சி வரிப்பதிவேடு, பல்கலைக்கழகக் கோப்பு ஆகியவற்றைத் தேடிப்போவார். அவை பரப்பளவையும் எல்லையையும் மதிப்பையும் சொல்லும். நினைவிலிருந்து வரைந்த தரைப்படம் அவற்றுக்கு மாற்றாகாது. ஆனால் பதிவேடு கேட்க மறந்த ஒன்றை அது சொல்கிறது: எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனார்கள், எங்கே படுத்தார்கள், எந்த வாசலில் நின்று வழியனுப்பினார்கள் என்பதை. வரலாற்றுப் பேராசிரியரின் மகள், தந்தையின் துறைக்கு வேறொரு வகை ஆவணத்தை விட்டுச் சென்றார்.

அந்த ஆவணத்தின் மிகக் கனமான பக்கங்கள் 2004இல் வந்தவை. 'வீட்டிலிருந்து கடிதங்கள்' என்ற எட்டுத் தாள்களின் தொகுதி. அக்கா ராணி பாகிஸ்தானில் இருந்தார். தங்கைக்கு உருதுவில் கடிதங்கள் எழுதினார். எழுதியவற்றை அஞ்சலில் சேர்க்கவில்லை. பெற்றோரின் மரணம், வீட்டை விற்றது, பிள்ளைகள் வளர்ந்து பிரிந்து சென்றது, தங்கை அருகில் இல்லாதது ஆகியவைதான் பொருள். ஆண்டுகள் கழித்து அவை ஒன்றாக ஸரீனாவின் கைக்கு வந்தன. அவர் ராணியின் கையெழுத்தை அப்படியே உலோகத் தகட்டுக்கு மாற்றி அச்சிட்டார். அதன்மேல் மரப்பலகையில் செதுக்கிய தரைப்படங்களையும் நகர்ப்படங்களையும் பதித்தார்.

சில தாள்களில் வீட்டின் சுவர்க்கோடுகள் கடிதத்தின் வரிகளுக்கு மேல் படிந்திருக்கின்றன. சிலவற்றில் கறுப்பு அச்சு எழுத்தின் பெரும்பகுதியையே மூடிவிடுகிறது. அருங்காட்சியகத்தில் எட்டுத் தாள்களும் வரிசையாகத் தொங்கும்போது, பெரும்பாலோர் எட்டடி தள்ளி நின்று கறுப்பு வடிவங்களைப் பார்த்துவிட்டு நகர்வார்கள். உருது அறிந்தவர் மட்டும் அருகே போய்க் கழுத்தைச் சாய்த்து, வலமிருந்து இடமாக, சுவருக்கும் சுவருக்கும் இடையே தப்பிய சொற்களைப் படிக்கத் தொடங்குவார்.